செவ்வாய் ஒரு இருக்கை, வியாழன் இரண்டு

பிள்ளைகளே,

மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் வடக்கு விமானங்களின் மேசையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற நீங்கள் என்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். "முன்னம் ஒரு அண்ணை இருந்தவர், திருநீறு பூசிக்கொண்டுதான் வேலைக்கு வருவார், எந்தப் பனிக்குள்ளையும் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்துப்போடுவார்" என்று ஆராவது சொல்லியிருப்பினம். அதில் திருநீறு உண்மை. மற்றது அப்படியே உண்மை என்று சொல்ல என் மனம் விடாது. ஒருத்தியை நான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். சேர்த்த விதம்தான் பிழை. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் போடுவது, பாரம் நிறுப்பது எல்லாம் கம்ப்யூட்டர் சொல்லித்தரும். நான் சொல்ல வந்தது அதில் இல்லாத சங்கதி.

முதலில் வழியைப் பற்றி. நான் சொல்லப்போகிற ஊர் தூர வடக்கில், ஊங்காவாக் குடாவின் கடற்கரையில் இருக்கிறது. பெயர் வேண்டாம். ஒரு தேவாலயம், ஒரு கடை, ஒரு பள்ளிக்கூடம், சரளைக்கல் போட்ட ஓடுபாதை. வடக்கின் ஆதிக்குடிகளான இனுயிட் சனங்களின் ஊர். அங்கே எப்படிப் போவது என்று கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஒருமுறை நகரத்தின் பியர்பொன்ட்ஸ் பக்கத்தில் இருந்து எங்கட தமிழ் ஆள் ஒருவர் வந்தார். அந்த ஊர்ப் பக்கம் ஒரு சமையல் வேலை கிடைத்திருக்கிறதாம்.

"அண்ணை, நான் காரிலையே போறன். ரெண்டு நாள் ஓடினால் போயிடலாம்தானே?"

"எந்த ரோட்டாலை தம்பி?"

"இஞ்சை பாருங்கோ, போனிலை ஒரு கோடு காட்டுது."

வாங்கிப் பார்த்தேன். "அது ரோட்டு இல்லையடா தம்பி. ஆறு."

ரோட்டு பாதி வழியில் முடிந்துவிடும். ரயில் ஒரு சுரங்க ஊர் வரைக்கும் போய் நின்றுவிடும். கப்பல் இருக்கிறது, கடல் உறையாத மாதங்களில் மாவும் பலகையும் எண்ணெயும் ஏற்றிக்கொண்டு போகும், ஆட்களை ஏற்றாது. பனி இறுகின பிறகு அயலூரில் இருந்து ஸ்கிடூ என்கிற பனிவண்டியில் வரலாம், அதற்கும் முதலில் அயலூருக்குப் போய்ச் சேரவேணும். ஆக மிஞ்சுவது விமானம். இங்கிருந்து வடக்கின் பெரிய ஊரான கூஜுவாக் வரைக்கும் பெரிய விமானம், அங்கே மாறி, கரையோரம் ஊர் ஊராய் இறங்கிப் போகிற சின்ன விமானம். அந்த நாட்களில் நான் சொல்கிற ஊருக்கு செவ்வாய், வியாழன், ஞாயிறு மட்டும்தான். சமையல்காரத் தம்பியும் கடைசியில் அதில்தான் போனார். கார் அடுத்த கோடையில் கப்பலில் போனது. அங்கே அவருக்கு ஓடக் கிடைத்தது மூன்று மைல் ரோட்டு.

இதைச் சிரிக்கச் சொன்னேன். இனிச் சொல்லப்போவது சிரிப்பில்லை.

ஆலாசி என்று ஒரு பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். வருசத்தில் இரண்டு மூன்று தரம் மொன்றியலுக்கு வைத்தியத்துக்கு வருவா. வடக்கில் இருந்து வருகிற நோயாளிகள் தங்குகிற விடுதி விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான். எங்கள் மேசைக்கு வந்தால் வணக்கம் சொல்லாமல் போகமாட்டா. என் நெற்றியைக் காட்டி, "இன்றைக்கு மூன்று கோடும் நேராக இருக்கிறது" என்பா. நல்ல பகிடிக்காரி.

அந்தத் தரம் வந்தபோது பகிடி குறைவு. ஊரில் தகப்பன் படுக்கையில். தெற்கே வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கமாட்டேன் என்று மறுத்துவிட்டாராம். ஆலாசிக்கு ஒரு தம்பி, பெயர் ஜோபி. பல வருசமாக மொன்றியலில்தான். நகரத்துக்குள் வீடில்லாத ஆட்கள் தங்குகிற இடமொன்றில் இருந்தார். தகப்பனோடு ஏதோ கோபம். கோபமோ வெட்கமோ, ஊருக்குப் போவதில்லை, போனிலும் கதைப்பதில்லை.

"இந்த முறை அவனைக் கூட்டிக்கொண்டு போறேன்" என்று ஆலாசி எனக்குச் சொன்னா. "ஓம் என்று சொல்லிவிட்டான். முதல் தடவையாக ஓம் என்றான். வியாழக்கிழமை இரண்டு இருக்கை போடு. பக்கத்தில் பக்கத்தில் போடு. நடுவில் இறங்கி ஓடிவிடுவான்."

"பறக்கிற விமானத்தில் இருந்து எப்படி இறங்குவார்?" என்றேன்.

"உனக்கு ஜோபியைத் தெரியாது" என்றா.

வியாழன் இரண்டு இருக்கை போட்டேன். பக்கத்தில் பக்கத்தில்.

அது கந்தசஷ்டிக் காலம். நான் ஆறு நாளும் விரதம். பகலில் தண்ணீர், இரவில் கொஞ்சம் பாலும் பழமும். நாலாம் நாள் செவ்வாய். காலை பதினொன்று பத்துக்கு போன் அடித்தது. மணி எனக்கு நல்ல ஞாபகம், ஏனென்றால் தகவல் தாளில் எழுதினேன். எடுத்தவர் ஆலாசியின் ஊரில் ஓடுபாதையைப் பார்க்கிற எங்கள் கம்பனி ஆள். அவரும் இனுயிட்காரர். சொல் செலவழிக்காத மனுசன்.

"ஆலாசியின் அப்பா விடியற்காலை இறந்துவிட்டார். இன்றைக்கு அவள் உன்னிடம் பயணக் கடுதாசி எடுக்க வருவாள் என்று சொல்லியிருந்தாள். போனில் சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை. அவளுக்கு உன்னைத் தெரியும். நீ நேரில் சொல்லு. அவளும் தம்பியும் எந்த நாள் வருகிறார்கள் என்று கேட்டுச் சொல்லு. எந்த நாளென்றாலும் நாங்கள் வைத்திருப்போம். பாதிரியாரை அதற்கேற்றபடி கூப்பிடுவோம்."

நான் "ஓம், ஓம்" என்று எழுதிக்கொண்டேன்.

போனை வைத்தபோது பக்கத்தில் நின்றவர் பொதிகள் பகுதியில் வேலை செய்கிற மட்டக்களப்பார். அப்படித்தான் அவரைக் கூப்பிடுவோம். கத்தோலிக்கர், என்னிலும் இரண்டு வயது இளமை, வாய் சும்மா இருக்காது. என் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

"என்ன அண்ணன், ஆரும் மோசமோ?"

சொன்னேன். "பாவம். வந்த உடன சொல்லிருங்க" என்றார்.

"வழியிலை சொல்லக்கூடாது. தனிய போற பிள்ளை. நோய் கடுமை எண்டு மட்டும் சொல்லி அனுப்புவம். அங்கை போய் ஆக்களோடை இருக்கேக்கை அறியட்டும்."

"அது உங்கட பிள்ளைக்குச் செய்யுங்க அண்ணன். இது வேற ஆக்கள். அவங்க சொல்லச் சொல்லித்தானே எடுத்தவங்க?"

"உமக்கு விளங்காது."

"விரதமும் பிடிச்சுக்கொண்டு பொய் சொல்லுறீங்க. முருகன் நல்லா கணக்கு வைப்பார்" என்று சிரித்துவிட்டுப் போனார். எனக்குக் கோபம்தான் வந்தது.

ஏன் அப்படி நினைத்தேன் என்பதையும் சொல்லவேணும். அதற்கு ஆறு வருசம் முன்னம் யாழ்ப்பாணத்தில் என் தகப்பன் மோசம் போனார். அண்ணை எனக்குப் போனில் சொன்னது, "ஐயாவுக்குக் கடுமை, உடன வெளிக்கிடு" என்று மட்டும்தான். இரண்டு விமானம் மாறி, ஒன்றரை நாள் போனேன். வழி முழுக்கக் கந்தசஷ்டி கவசம். மனதுக்குள் ஐயாவோடு கதைத்துக்கொண்டு போனேன், என்ன கேட்கவேணும், என்ன சொல்லவேணும் என்று. கொழும்பில் இறங்கி, கூட்டிப்போக வந்த வான் வண்டியில் ஏறின பிறகுதான் அண்ணை என் கையைப் பிடித்துச் சொன்னார். நான் அவரோடு சண்டை பிடிக்கவில்லை. அந்த ஒன்றரை நாள் ஐயா எனக்கு உயிரோடு இருந்தார், அது அண்ணை தந்தது என்று எண்ணினேன். எங்கட சனத்தில் தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு இப்படித்தான் சொல்லுவார்கள். அது பொய் என்று எங்களுக்குப் படுவதில்லை. அன்பு என்றுதான் படும்.

அந்த அன்பைத்தான் ஆலாசிக்கும் கொடுக்க நினைத்தேன்.

பதினொன்றரைக்கு அவ வந்தா. நான் முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டு சொன்னேன்.

"ஊரில் இருந்து எடுத்தார்கள். அப்பாவுக்குக் கடுமையாம்."

அவ மேசையின் விளிம்பைப் பிடித்தா. "எவ்வளவு கடுமை?"

"நல்ல கடுமை. இன்றைக்கு ஒரு மணி விமானத்தில் ஒரு இருக்கை இருக்கிறது. கூஜுவாக்கில் மாறினால் பின்னேரம் ஊரில் நிற்கலாம்."

"ஒன்றா?"

"ஒன்றுதான்."

"ஜோபி?"

"ஜோபி வியாழன் வரட்டும். அவருக்கு இருக்கை இருக்கிறதுதானே."

அவ கேட்டா, "வியாழன் வரைக்கும் அப்பா இருப்பாரா? நீ என்ன நினைக்கிறாய்? இருந்தால் நான் ஜோபியோடு போறேன். நான் இல்லாமல் அவன் வரமாட்டான். எனக்குத் தெரியும்."

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைப் பார்க்கவேணும். எனக்கு முன்னால் ஒரு பெண் இரண்டு வழியை வைத்துக்கொண்டு நிற்கிறா. ஒன்று, இன்றைக்குத் தனியே. மற்றது, நாளை மறுநாள் தம்பியோடு. எது நல்லது என்று தெரிவு செய்ய அவவுக்கு ஒரேயொரு விசயம் தெரியவேணும். அந்த விசயம் என் கைக்குக் கீழே தாளில் எழுதிக் கிடக்கிறது. எந்த நாள் வந்தாலும் வைத்திருப்போம் என்று ஊரார் சொன்னதும் அதில்தான் கிடக்கிறது.

நான் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"சொல்ல ஏலாது. இன்றைக்கே போறதுதான் நல்லது" என்றேன்.

எங்களுக்குச் செத்த வீடு என்றால் அவசரம். பிள்ளை எவ்வளவு கெதியாய் வருகிறதோ அவ்வளவு நல்லது. அந்த அவசரத்தை அவவின் தலையில் வைத்துவிட்டேன்.

அவ அங்கேயே நின்று தம்பி இருக்கிற இடத்துக்குப் போன் எடுத்தா. ஜோபி வெளியே போயிருக்கிறார், மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார் என்றார்கள். "அப்பாவுக்குக் கடுமை, நான் முன்னே போறேன், வியாழன் காலை நீ கட்டாயம் வா" என்று தகவல் வைத்தா. ஊருக்கும் எடுத்தா. வீட்டில் ஒருவரும் தூக்கவில்லை.

"ஏன் தூக்கவில்லை?"

"எல்லாரும் அப்பாவோடு இருப்பார்கள்" என்றேன்.

அது பொய் இல்லை. அதுதான் அதிலுள்ள பயங்கரம்.

விடுதிக்கு ஓடிப்போய்ப் பையை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு இருபதுக்குத் திரும்பி வந்தா. மூச்சு வாங்குகிறது. கையில் ஒரு கடுதாசிப் பை. வழியில் டெபனர் என்கிற மூலைக்கடையில் திராட்சைப்பழம் வாங்கியிருக்கிறா, விதையில்லாதது.

"இதைப் பொதியோடு போடாதே, நசிந்துவிடும். மடியில் வைத்திருக்கலாமா? அப்பாவுக்குப் பல்லு இல்லை. இது மட்டும்தான் சாப்பிடுவார்."

"வைத்திருங்கோ. சாப்பிடுவார்" என்றேன்.

"கடுமை" என்று சொன்னது வழக்கம், ஊர் வழக்கம் என்று எவ்வளவோ சமாதானம் எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். "சாப்பிடுவார்" என்ற இந்தச் சொல்லுக்கு எனக்குச் சமாதானமே கிடைக்கவில்லை. அதை என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. வாயில் தானாக வந்தது.

ஒரு மணிக்கு விமானம் போனது. நான் ஊருக்குப் போன் எடுத்து, "ஆலாசி இன்றைக்கே வருகிறா, தம்பி வியாழன்" என்றேன்.

"சொன்னாயா?" என்று கேட்டார் ஓடுபாதைக்காரர்.

"கடுமை என்று சொன்னேன்."

"சரி" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார்.

மற்ற நாள் புதன், பின்னேரம் நானே திரும்ப எடுத்தேன். மனம் ஒரு மாதிரி இருந்தது. அவர் நடந்ததை நடந்தபடி சொன்னார். ஆலாசி விமானத்தில் இருந்து இறங்கியபோது ஊர்ச் சனம் முழுக்க ஓடுபாதை ஓரத்தில் நின்றிருக்கிறது. அதைக் கண்டதுமே விளங்கிவிட்டது. ஒருவரும் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. கடுதாசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சரளைக்கல்லிலேயே இருந்துவிட்டாவாம்.

"மகள் வருகிறாள் என்று நீ சொன்னதும் நாங்கள் பாதிரியாரைக் கூப்பிட்டுவிட்டோம்" என்றார். "பிறகுதான் வானிலை அறிவிப்பு வந்தது. வியாழன் தொடங்கிப் பெரிய புயல். பாதிரியார் அதற்கு முன் அடுத்த ஊருக்குப் போகவேண்டும், அங்கேயும் ஒரு சாவு. தம்பிக்காக நிற்பதா என்று அவளிடம் கேட்டோம். அவன் தனியே வருவானோ தெரியாது என்றாள். இன்றைக்கு மத்தியானம் அடக்கம் செய்துவிட்டோம்."

"வைத்திருப்போம் என்று சொன்னீர்களே" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"ஒரு பிள்ளையும் வராமல் நாங்கள் அடக்கம் செய்ய மாட்டோம். இரண்டு பேரும் சேர்ந்து வந்தால் எத்தனை நாள் என்றாலும் நின்றிருப்போம். நீ ஒருத்தியை அனுப்பினாய்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும்.

வீட்டுக்குப் போய் என் மனிசிக்குச் சொன்னேன். அவ பால் காய்ச்சிக்கொண்டு நின்றவ.

"ஐயாவின்ரை செத்த வீட்டுக்கு அண்ணை எனக்கும் அப்பிடித்தானே சொன்னவர்" என்றேன்.

"அது அண்ணை. உங்கட சொந்தம். அவர் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். இந்தப் பிள்ளைக்கு நீங்கள் ஆர்? ஒரு சேதியைக் குடு எண்டு உங்களிட்டைத் தந்தவை. குடுக்கவேண்டியதுதானே. வைச்சிருக்க உங்களை ஆர் கேட்டது?"

பாலை எனக்கு முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டா. அன்றைக்கு அது எனக்கு இறங்கவில்லை.

அந்த இரவே நகரத்துக்குப் போய் ஜோபியைத் தேடிப் பார்த்திருக்கலாம். ஒரு பஸ், ஒரு மெட்ரோ. நான் போகவில்லை. களைப்பு, விரதம் என்று சொல்லிக்கொண்டேன். பயம்தான்.

வியாழன் காலை எட்டு மணிக்கு ஜோபி வந்தார். நான் அவரை முன்னம் கண்டதில்லை, ஆனால் கண்டதும் தெரிந்தது. ஆலாசியின் அதே கண். முகம் புதிதாகச் சவரம் செய்து, தாடையில் ஒரு சின்ன வெட்டு. ஆரோ கொடுத்த குளிர்ச்சட்டை, கை நீளம் கூட. அக்கா இல்லாமல் அவன் வரமாட்டான் என்று அவ சொன்னா. அவர் வந்திருந்தார், தனியே, நேரத்துக்கு.

"இரண்டு இருக்கை போட்டிருக்கிறது என்று அக்கா சொன்னாள். ஒன்று போதும்" என்றார். சிரிக்கப் பார்த்தார். "அப்பா எப்படி? ஏதும் செய்தி வந்ததா?"

விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. பின்னால் வரிசை. எனக்கு அந்த நேரம் வாயில் என்ன வந்தது தெரியுமோ? "கடுமைதான், போங்கோ" என்று. திரும்பவும் அதேதான், பழக்கம். நான் முருகா என்று கண்ணை மூடினேன். மூடின கண்ணுக்குள் முருகன் வரவில்லை. சரளைக்கல்லில் இருந்த பெண்தான் வந்தா.

மேசையைப் பக்கத்தில் வேலை செய்த பிள்ளையிடம் விட்டுவிட்டு வெளியே வந்தேன். அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வாங்குப் பலகையில் இருத்தி, நானும் பக்கத்தில் இருந்து சொன்னேன்.

"உங்கட அப்பா செவ்வாய் விடியற்காலை இறந்துவிட்டார். நேற்று மத்தியானம் அடக்கம் செய்துவிட்டார்கள். அக்காவும் அங்கே போய்த்தான் அறிந்தா."

அவர் அழவில்லை. குளிர்ச்சட்டையின் நீளக் கையை மடித்தார். திரும்ப இறக்கினார்.

"நீ எப்போது அறிந்தாய்?"

"செவ்வாய், பதினொன்று பத்துக்கு."

"அக்கா எத்தனை மணிக்கு விமானம் ஏறினாள்?"

"ஒரு மணிக்கு."

"பன்னிரண்டு மணிக்கு நான் சாப்பிட வந்தேன். தகவல் தந்தார்கள். போய்ச் சவரக்கத்தி வாங்கினேன்." பிறகு சொன்னார், "அப்பா செத்துவிட்டார் என்று அறிந்திருந்தால் அக்கா என்னை விட்டுப் போயிருக்க மாட்டாள். உயிரோடு இருக்கிறார் என்றுதான் ஓடினாள்."

"ஓம்" என்றேன்.

"அவரிடம் நான் ஒன்று சொல்ல இருந்தேன்."

என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்கவில்லை.

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். இன்றைக்கு விமானம் கூஜுவாக் வரைக்கும் போகும். அதற்கு அங்காலே புயல். சின்ன விமானம் இன்றைக்குப் பறக்காது, நாளைக்கும் பறக்காது, எத்தனை நாள் என்று சொல்ல ஏலாது. அங்கே தங்க ஒரு அறை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஞாயிறு வரைக்கும் இங்கேயே நின்று போகலாம். அக்கா திரும்பி வரும்வரை பொறுத்து, கோடையில் இரண்டு பேரும் சேர்ந்து போகலாம். போகாமலும் விடலாம். எல்லாம் சொல்லி முடித்து, "எது என்று நீங்கள் சொல்லுங்கோ" என்றேன்.

அவர் கன நேரம் யோசித்தார். நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

"இன்றைக்கே போறேன்" என்றார். "வழியில் நிற்கிறது பரவாயில்லை. திரும்பி நகரத்துக்குப் போனால் நான் பிறகு வெளிக்கிட மாட்டேன்."

அவரின் பையை மட்டக்களப்பார்தான் கொண்டுபோனார். பெல்ட்டில் போடவில்லை. கையில் தூக்கிக்கொண்டு போய் வைத்தார். போகும்போது என்னைப் பார்த்து ஏதும் பகிடி சொல்லுவார் என்று பார்த்தேன். "பையை நான் நல்லா வைக்கிறன், அண்ணன்" என்று மட்டும் சொன்னார்.

அன்று பின்னேரம் கோயிலில் சூரன்போர். மனிசியும் பிள்ளைகளும் உள்ளே. நான் செருப்பு வைக்கிற இடத்தோடு நின்றுவிட்டேன். விரதத்தை முடித்தேன்தான். அதன் பலன் எனக்கு வேண்டாம், அந்தச் சகோதரங்களுக்குக் கொடு என்று கேட்டேன். கொடுத்தாரோ தெரியாது.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இந்த மேசையில் நாங்கள் கொடுப்பது டிக்கெட் மட்டுமில்லை, செய்தியும்தான். வடக்கில் இருந்து வருகிற செய்தி சில நேரம் எங்கள் கையால்தான் போய்ச் சேரும். அதை இனிப்பாக்கவும் வேண்டாம், பாதியாக்கவும் வேண்டாம். ஆளை இருத்துங்கோ, தண்ணீர் கொடுங்கோ, கையைப் பிடியுங்கோ, கூட இருந்து அழுங்கோ. ஆனால் முதலில் சொல்லுங்கோ. பிறகு வழியைக் கேளுங்கோ. எங்கட வீட்டு வழக்கம் எங்கட வீட்டுக்கு நல்லதாயிருக்கலாம், அதைக்கூட இப்போது எனக்கு நிச்சயமாய்ச் சொல்ல ஏலாது. மற்றவர்களின் சாவு மற்றவர்களுடையது. அதற்கு எப்படிப் போய்ச் சேருவது என்று அவர்கள்தான் முடிவெடுக்கவேணும்.

ஜோபி கூஜுவாக்கில் மூன்று நாள் நின்றார். முதல் இரவு விமான நிலைய வாங்கில், பிறகு ஆரோ ஒருவரின் வீட்டில். நான் ஒவ்வொரு காலையும் எடுத்துக் கேட்டேன். "நிற்கிறார்" என்பார்கள். திரும்பி ஓடிவிடவில்லை.

ஞாயிறு எனக்கு வேலை. பின்னேரம் மூன்று மணியளவில் ஊர் ஓடுபாதைக்காரருக்கு எடுத்தேன்.

"ஜோபி வந்துவிட்டாரா?"

"வந்துவிட்டான். ஆலாசி வந்து நின்றாள். இரண்டு பேரும் வீட்டுக்குப் போகவில்லை. இங்கிருந்து நேரே கல்லறைக்கு நடந்து போனார்கள். என் ஜன்னலால் தெரிகிறது. இன்னும் நிற்கிறார்கள்."

"கதைக்கிறார்களா?"

"தெரியாது. காற்று பலம். அவன் குனிந்து நிற்கிறான்."

அவர் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் காற்று கூரையில் அடிக்கிற சத்தம் கேட்டது. கடைசியில் நான் கேட்டேன்.

"ஆலாசி எனக்கு ஏதும் சொல்லச் சொன்னாவா?"

"இல்லை" என்றார்.